தலைகீழ் ஏரிகள்

நிலக்காட்சிப் புகைப்படம் ஒன்றில் இல்லாத ஏரியை உண்டாக்குவது இன்று ஐந்து நிமிட வேலை. படத்தின் மேற்பகுதியைப் பிரதியெடுத்துத் தனி அடுக்கில் வைக்க வேண்டும். அதைச் செங்குத்தாகப் புரட்டிக் கரையோடு கரை பொருந்தும்படி கீழே இறக்க வேண்டும். கொஞ்சம் இருளாக்கி, கொஞ்சம் மங்கலாக்கி, அலைக்காக ஒரு ஃபில்ட்டரை ஓட்டினால் போதும். மலையடிவாரத்தில் புல்வெளி இருந்த இடத்தில் அசையாத நீர் நிற்கும். இந்தச் செய்முறையை ஃபோட்டோஷாப் பாடநூல்கள் பலவற்றில் காணலாம். படம் அழகாகவே வரும். ஆனால் அதில் இருப்பது நீர் அல்ல. ஏன் அல்ல என்ற கேள்வி கணினிக்கு வெகுகாலம் முந்தையது. அதன் வரலாறு, புகைப்படம் எந்த அளவுக்குச் சாட்சியாக நிற்க முடியும் என்ற கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பழந்தமிழில் 'நிழல்' என்ற சொல், ஒளி மறைபட்டு விழும் கருமையையும் நீரிலும் ஆடியிலும் தோன்றும் உருவத்தையும் சேர்த்தே குறித்தது. 'பிரதிபலிப்பு' பின்னால் வந்து அமர்ந்துகொண்ட சொல். புகைப்படத்துக்கு 'நிழற்படம்' என்று பெயர் வைத்தவர்கள் இந்த இரண்டாம் பொருளை நினைத்தார்களா தெரியாது. நினைக்காமலேயே பொருத்தமாக வைத்துவிட்டார்கள். இக்கட்டுரையில் நீரில் தெரியும் உருவத்தை நீர்நிழல் என்றே எழுதுகிறேன்.

*

நீர்நிழல் என்பது மேலே உள்ள காட்சியின் தலைகீழ்ப் பிரதி என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி அல்ல. கரையில் நிற்பவரின் கண் நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே அளவு ஆழத்தில், நீருக்குக் கீழே இன்னொரு கண் இருந்து மேல்நோக்கிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கீழ்க்கண்ணுக்குத் தெரிவதுதான் நீர்நிழல். இரண்டு கண்களும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் இரண்டு காட்சிகளும் ஒன்றாக இருக்க முடியாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கண் நீர்மட்டத்திலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிர்க்கரையில், 100 மீட்டர் தொலைவில், 10 மீட்டர் உயர மரம். அதற்குப் பின்னால் 1000 மீட்டர் தொலைவில் 100 மீட்டர் உயரக் குன்று. நேராகப் பார்க்கும்போது மரத்தின் உச்சிக்கு 100 மீட்டருக்கு 8.4 மீட்டர் ஏற்றம்; குன்றின் உச்சிக்கோ 1000 மீட்டருக்கு 98.4 மீட்டர், அதாவது 100 மீட்டருக்கு 9.84. எனவே மரத்துக்கு மேலே குன்று தலைகாட்டும். இப்போது கீழ்க்கண்ணிலிருந்து பார்ப்போம். மரத்துக்கு ஏற்றம் 11.6, குன்றுக்கு 10.16. மரம் குன்றை முழுவதும் மறைத்துவிடுகிறது. மேலே குன்று இருக்கிறது, நீரில் குன்று இல்லை! படத்தைப் புரட்டி ஒட்டுகிறவர் இந்த இடத்தில் குன்றையும் சேர்த்து ஒட்டிவிடுவார். பார்ப்பவர்களுக்கு ஏதோ உறுத்தும். என்னவென்று சொல்லத் தெரியாது.

இதே காரணத்தால் பாலத்தின் அடிப்பகுதி, படகின் வயிற்றுப்புறம், தாழ்ந்த கிளையின் இலைகளின் கீழ்ப்பக்கம் என நாம் நிற்கும் இடத்திலிருந்து தெரியாதவை நீரில் தெரிகின்றன. புரட்டிய பிரதியில் இவை வர வழியே இல்லை. மேலே பதிவாகாத ஒன்றைக் கீழே எப்படிப் புரட்டுவது?

இதை அழுத்தமாக எழுதியவர்களில் ஒருவர் ஜான் ரஸ்கின். 1843இல், தம் 24ஆம் வயதில், 'மாடர்ன் பெயின்டர்ஸ்' நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். டர்னரின் ஓவியங்களுக்காக வாதாடும் நூல் அது. அதில் நீரை வரைவதற்கென்றே நீண்ட பகுதி இருக்கிறது. மேலே வரைந்ததையே கீழே கவிழ்த்து வரையும் ஓவியர்களை அவர் அங்கே விடுவதில்லை. கனலெட்டோவின் வெனிஸ் ஓவியங்களில் உள்ள நீரையும் கடுமையாகச் சாடினார். நீர் தருவது மறுபதிப்பு அல்ல, புதியதொரு காட்சி என்பது அவர் வாதத்தின் சாரம். ரஸ்கினுக்குக் கோபம் கொஞ்சம் எளிதில் வந்துவிடும். ஆனால் இந்த இடத்தில் வடிவியல் அவர் பக்கம் இருக்கிறது.

வடிவியலோடு பிரகாசமும் சேர்ந்துகொள்கிறது. நீர்ப்பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பது ஒளி வந்து விழும் கோணத்தைப் பொறுத்தது. 1820களில் ஃப்ரெனெல் இதற்குச் சமன்பாடு தந்தார். நேர்குத்தாகக் குனிந்து பார்த்தால் சுமார் 2 சதவீத ஒளிதான் திரும்புகிறது, எனவே அடியில் கிடக்கும் கல் தெரிகிறது. பரப்பிலிருந்து 10 பாகை மட்டும் உயர்ந்த சாய்வான பார்வையில் சுமார் 35 சதவீதம் திரும்புகிறது. நம் காலடியில் நீர் கறுத்து அல்லது தெளிந்து கிடக்க, தொலைவில் அது கண்ணாடியாக மாறுவது இதனால்தான். படம் முழுக்க ஒரே சீராக 20 சதவீதம் இருளாக்கச் சொல்லும் பாடநூல்களுக்கு இது தெரிவதில்லை.

*

புகைப்படத்தில் முதலில் பொய் சொன்னது நீர் அல்ல, வானம். 1850களில் புழக்கத்துக்கு வந்த கொலோடியான் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக எதிர்வினை புரிந்தன. நிலம் சரியாகப் பதியும்வரை காத்திருந்தால் வானம் வெளுத்துப் போகும். வானத்துக்கேற்ப நிறுத்தினால் நிலம் இருண்டுவிடும். வானத்தைத் தனியாக இன்னொரு நெகடிவில் எடுத்து, அச்சிடும்போது சேர்க்கலாம் என்று இப்போலித் பயார் 1852இல் யோசனை சொன்னார். குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆண்டுகளில் நார்மண்டியிலும் செத் துறைமுகத்திலும் எடுத்த கடற்காட்சிகளில் இது கலையாகவே ஆயிற்று. 'பெரிய அலை' என்ற அவருடைய புகழ்பெற்ற படத்தில் கடல் ஒரு நெகடிவ், மேகம் இன்னொரு நெகடிவ். இரண்டும் தொடுவானத்தில் சந்திக்கின்றன. ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்களுக்கு மேலே அவர் பயன்படுத்தியதும் உண்டு. அலையடிக்கும் கடலில் நீர்நிழல் சிதறிவிடுவதால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒட்டுவேலைக்குக் கடல் வசதியான இடம்.

அமைதியான ஆறு அப்படி விடாது. 1858 கோடையில் காமீல் சில்வி தம் சொந்த ஊரான நொஜான்-லெ-ரோத்ரூவில் உய்ன் ஆற்றை ஒரு பாலத்திலிருந்து எடுத்தார். இடக்கரையில் வேலியிட்ட தோட்டமும் படகேறக் காத்திருக்கும் வசதியான இருவரும், வலக்கரையின் பொது நிலத்தில் எளிய மக்களும் இருக்கிறார்கள். நடுவே மரங்களை ஏந்திக்கொண்டு ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆகச்சிறந்த நிலக்காட்சிப் புகைப்படங்களில் ஒன்று என்று அதைச் சொல்லத் தயங்க மாட்டேன். அதன் வானமும் வேறு நெகடிவிலிருந்து வந்தது. சேரும் இடத்தைச் சில்வி கையாலேயே திருத்தினார். ஆக, படத்தின் மேற்பகுதியில் ஒரு வானம் இருக்கிறது. ஆற்றின் மீது ஒளியாக விழுந்திருப்பதோ, பாலத்தில் சில்வி நின்றிருந்த கணத்தின் உண்மையான வானம். ஒரே சட்டகத்துக்குள் இரண்டு வானங்கள். நீர் தான் பார்த்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

என்னை இந்தப் பொருளுக்கு இழுத்தது இந்த முரண்தான். வானத்தை மாற்றலாம், மரத்தை நகர்த்தலாம், மனிதரை அழிக்கலாம். படத்தில் அசையாத நீர் இருந்தால் ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு முறை செய்தாக வேண்டும். அதுவும் இரண்டாம் முறை வேறொரு கண்ணின் இடத்திலிருந்து.

*

சில்வி தம் ஆற்றை எடுத்து மூன்று ஆண்டுகள் கழித்து, கலிஃபோர்னியாவில் கார்ல்டன் வாட்கின்ஸ் நேர் எதிரான வழியில் சென்றார். 1861இல் கோவேறு கழுதைகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். அவருடைய பெரிய கேமராவின் கண்ணாடித் தகடு ஒவ்வொன்றும் 18க்கு 22 அங்குலம். அப்பயணத்தில் அத்தகைய 30 தகடுகளும் ஸ்டீரியோஸ்கோப்புக்கான 100 நெகடிவ்களும் எடுத்தார். வெளுத்த வானத்தை வெளுத்தபடியே விட்டார். மாறாக, மெர்செட் ஆற்றில் எல் கேப்பிட்டன் பாறை முழுமையாக விழும் இடத்தையும், ஹாஃப் டோம் பாறையின் காலடியில் இருக்கும் மிரர் லேக் ஏரியின் அசைவற்ற நேரத்தையும் தேடிப் போனார். தகட்டுக்கு ஒளி போதாமல் வெகுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்ததும் அவருக்கு உதவியது. சிறு நெளிவுகள் அந்த நேரத்துக்குள் சமனாகி, நீர் கண்ணாடியைவிடக் கண்ணாடியாயிற்று. ஆக, அதுவும் கண் கண்ட நீர் அல்ல என்று ஒருவர் வாதிடலாம். வாதிடட்டும், அங்கே புரட்டல் இல்லை.

அவருடைய ஸ்டீரியோ படங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரட்டைப் படத்தை அதற்குரிய கருவியில் வைத்துப் பார்த்தால் நீர்நிழல் ஏரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. மலை எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்கு அது கீழே இறங்கிப் போகிறது. கரையில் நின்று குனிந்தால் வயிற்றில் ஒரு கூச்சம் வரும். தட்டையான படத்தைப் புரட்டி ஒட்டிய எந்த ஏரிக்கும் அந்த ஆழம் கிடையாது.

வாட்கின்ஸின் படங்கள் 1862இல் நியூயார்க்கில் குபில் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன. 1864 ஜூன் 30 அன்று லிங்கன், யோசெமிட்டியைப் பொதுமக்களுக்காகக் காக்கும்படி கலிஃபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அந்த இடத்தைப் பார்த்தே இராத கிழக்குப் பகுதியினருக்கு அதைக் காட்டிய சாட்சியங்களில் இப்படங்கள் முக்கியமானவை என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அவற்றை நம்புவதற்குக் காரணம் இருந்தது. இரண்டு முறை பதிவான மலையை யார் சந்தேகிப்பது? அடுத்து அதே பள்ளத்தாக்குக்கு வந்த மைப்ரிட்ஜ் வேறு நெகடிவ்களிலிருந்து மேகங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். அவை கண்ணுக்கு இன்னும் விருந்தானவை.

*

இனி கணினிக்கு வரலாம். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் செங்குத்தான அட்டைக்குப் பொருந்துவதற்காக கீசாவின் பிரமிடுகள் நெருக்கி வைக்கப்பட்டதும், அதையொட்டி எழுந்த சர்ச்சையும் பலருக்கும் தெரிந்ததே. அப்போது அதற்கு அச்சகத்தார் மட்டுமே வாங்கக்கூடிய விலையுயர்ந்த இயந்திரம் தேவைப்பட்டது. 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் நோல், மேக்கின்டாஷ் கணினியில் சாம்பல்நிறப் படங்களைக் காட்ட ஒரு நிரல் எழுதினார். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் திரைப்படக் காட்சிகளுக்கு வித்தை செய்துகொண்டிருந்த தம்பி ஜான் நோல் அதைப் பிடித்துக்கொண்டார். சகோதரர் இருவரும் வளர்த்த அந்த நிரலை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் என்ற பெயரில் வெளியிட்டது. அதைப் பிறருக்குச் செய்துகாட்ட ஜான் பயன்படுத்திய படம், 1987இல் போரா போரா தீவின் கடற்கரையில் தம் வருங்கால மனைவியை வைத்து அவரே எடுத்த 'ஜெனிஃபர் இன் பாரடைஸ்'. தொடக்கமே நீர்க்கரைக் காட்சிதான்.

கடைக்கு வருமுன்பே அந்நிரல் ஒரு திரைப்படத்தில் வேலை செய்தது என்பது இதைவிடச் சுவையானது. ஜேம்ஸ் கேமரூனின் 'தி அபிஸ்' 1989இல் வெளிவந்தது. அதில் கடல்நீராலேயே ஆன ஒரு பாம்புவடிவம் கலத்துக்குள் நுழைந்து, ஆட்களின் முகத்தைப் போலத் தன் முகத்தை மாற்றிக்கொள்ளும். கணினியில் உருவான அந்த நீரின் மேல் சுற்றியுள்ள அறை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது நீராகத் தோன்றாது. ஜான் நோல் என்ன செய்தார்? நடிகர்களை எடுத்த கேமராவின் காட்சியைப் புரட்டி ஒட்டவில்லை. அரங்கத்தைப் பல திசைகளிலும் தனியாகப் புகைப்படமெடுத்து, அவற்றை அண்ணனின் நிரலில் இணைத்து, நீரின் மேல் படியவைத்தார். அதாவது, நீர் இருக்கும் இடத்திலிருந்து நீருக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டு எடுத்தார். ரஸ்கின் கேட்கச் சொன்ன கேள்வி அதுதான்.

ஆனால் பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தது அந்தக் கேள்வி அல்ல, புரட்டும் கட்டளை. 1994இல் மூன்றாம் பதிப்பில் அடுக்குகள் வந்தன. ஒட்டியதை மறுபடி நகர்த்தலாம், மங்கலாக்கலாம், வேண்டாமென்றால் மறைக்கலாம் என்றானபின் இல்லாத ஏரிகள் பெருகின. அலைக்கு 'டிஸ்ப்ளேஸ்' ஃபில்ட்டர் உதவியது. சாம்பல்நிறப் படம் ஒன்றை வரைபடமாகக் கொடுத்தால், அதில் நடுச்சாம்பலான 128 உள்ள இடத்தில் எதுவும் நகராது. வெளிறிய இடத்தில் புள்ளிகள் ஒரு பக்கமும் கறுத்த இடத்தில் எதிர்ப்பக்கமும் நகரும். எளிய, அழகான உத்தி. அலையை அருகில் பெரிதாகவும் தொலைவில் சிறிதாகவும் வரைந்து கொடுத்தால் நீர் ஓரளவு படுத்துக்கொள்கிறது. பிறகு ஃப்ளேமிங் பேர் நிறுவனத்தின் 'ஃப்ளட்' போன்ற இணைப்புகள் வந்தன. தொடுவானம் எங்கே, அலை எவ்வளவு என்று சில எண்களைக் கேட்டுக்கொண்டு எந்த நிலத்தையும் அவை வெள்ளத்தில் ஆழ்த்தின.

1990களின் இறுதியில் இணையத்தில் திரிந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அதன் கீழ்ப்பாதியை அசையும் நீராக்கும் ஜாவா நிரல் அது. அரண்மனை, பூனை, கோயில் கோபுரம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அலை ஓயாமல் நெளிந்தது. அடுத்த பத்தாண்டில் நீர் போய்ப் பளிங்குத்தரை வந்தது. நிறுவனச் சின்னங்கள் யாவும் ஈரத்தரையில் நின்று தம்மையே குனிந்து பார்த்தன. 2007இல் ஆப்பிளின் லெப்பர்ட் இயங்குதளத்தில் திரையின் அடியிலிருந்த சின்னங்களுக்குக் கண்ணாடித் தட்டும் நிழலும் கிடைத்தன. 2014இல் வந்த பதிப்பு அந்த நிழல்களை எடுத்துவிட்டது. அந்தப் பதிப்பின் பெயர் யோசெமிட்டி! யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். வரலாறு சில நேரம் தானாகவே சிரித்துக்கொள்கிறது.

*

இதெல்லாம் விளையாட்டுத்தானே, இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். வாழ்த்து அட்டையில் ஏரி வருவதால் யாருக்கும் நட்டமில்லை. நிலக்காட்சிப் படம் ஒன்று 'இந்த இடம் இப்படி இருக்கிறது' என்று சொல்ல வரும்போதுதான் சிக்கல். 2012இல் பிரிட்டனின் ஆண்டின் சிறந்த நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞருக்கான முதற்பரிசு, அறிவித்தபின் திரும்பப் பெறப்பட்டது. மேகங்கள் சேர்க்கப்பட்டிருந்தன, ஒளி வரும் திசைகள் ஒத்துப்போகவில்லை என்பதைப் பார்வையாளர்கள் கவனித்துவிட்டனர். லெ கிரே செய்ததைத்தான் அவரும் செய்தார். விதி இடைப்பட்ட காலத்தில் மாறியிருந்தது.

அதே 2012இல் ஜேம்ஸ் ஓ'பிரையனும் ஹானி ஃபரீதும் நிழலுருவங்களின் முரண்பாட்டைக் கொண்டு போலிப் படங்களைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். ஒரு பொருளின் புள்ளியையும் தட்டையான ஆடியில் அதன் உருவத்தின் அதே புள்ளியையும் கோட்டால் இணைக்க வேண்டும். இப்படிப் பல புள்ளிகளுக்கு வரைந்தால், உண்மையில் ஒன்றுக்கொன்று இணையான அக்கோடுகள் படத்தில் எல்லாம் ஒரே மறைபுள்ளியை நோக்கிச் செல்ல வேண்டும். செல்லாவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அசையாத நீரும் ஓர் ஆடிதான். அதில் அக்கோடுகள் யாவும் உலகின் செங்குத்துக் கோடுகள். மரமோ குன்றோ, ஒவ்வொன்றும் தன் உருவத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். சில்வியின் ஆறு மறைமுகமாகச் சொன்னதை இவர்கள் வடிவியலாக்கிவிட்டார்கள்.

2020இல் ஃபோட்டோஷாப்பிலேயே வானத்தை மாற்றும் வசதி வந்தது. வேறு சில மென்பொருள்கள் புதிய வானத்தை நீரிலும் பதித்துத் தரத் தொடங்கின. பயார் காலத்து ஓட்டை ஒன்று அடைக்கப்பட்டது என்று சொல்லலாம். 2022க்குப் பிறகு சொற்களைக் கொண்டே படம் தீட்டும் நிரல்கள் பரவலாயின. அவை காட்டும் ஏரிகளில் நீர்நிழல் மயக்கும். உற்றுப் பார்த்தால் கரையில் ஏழு மரமும் நீரில் ஆறு மரமும் இருப்பதுண்டு. கோடான கோடிப் படங்களைப் பார்த்துக் கற்ற அந்த நிரல்களுக்கு நீர்நிழல் எப்படி இருக்கும் என்று தெரிகிறது; கீழே இருந்து பார்க்கும் கண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. அவை அதையும் கற்கும் என்றே நினைக்கிறேன்.

வாட்கின்ஸின் மிரர் லேக் இதற்கிடையே தூர்ந்துகொண்டிருக்கிறது. டெனாயா ஓடை கொண்டுவரும் மணல் ஆண்டுதோறும் அங்கே படிகிறது. பயணிகளுக்காக அதை அள்ளி, குளிர்காலத்தில் வழுக்கும் சாலைகளின் மேல் தூவிக்கொண்டிருந்தார்கள். இயற்கையை அதன் போக்கில் விடுவது என்று முடிவாகி, 1971இல் அதை நிறுத்திவிட்டார்கள். வசந்தத்தில் பனி உருகும்போது சில வாரங்களுக்கு ஏரி நிறைகிறது. காற்று எழுமுன், விடியலில் போனால் மலை நீரில் இருக்கும். கோடை முடிவில் அதே இடத்தில் மணலும் புல்லும்தான்.